வாரம் ஒரு சாண்

துணி காய்வதற்கு வெயிலைவிடக் காற்றுத்தான் முக்கியம். கொட்டாஞ்சேனையில் மாடி வீட்டில் குடியிருக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். துறைமுகப் பக்கக் காற்று பகல் இரண்டு மணிக்குமேல் ஒரே சீராக வீசும். அதனால் துணிக்கொடியைக் கொஞ்சம் கடல் பக்கமாகத் தள்ளி வைத்தால் நல்லது என்று நான் நினைத்ததில் யாரும் பிழை காண முடியாது.

கனம் நீதவான் அவர்களுக்கு இதை நானே என் கைப்பட எழுதுகிறேன். எனக்காகப் புதுக்கடை நீதிமன்றத்திலிருந்து வந்த சட்டத்தரணி றேமண்ட், ஒன்றும் எழுத வேண்டாம், வாயைத் திறக்கவும் வேண்டாம் என்றார். நல்ல மனிதர். ஆனால் அவருக்குக் கதை சொல்லத் தெரியாது. 'விபத்து, விபத்து' என்று ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டு நிற்கிறார். இன்னொரு விஷயம். இதைச் சிங்களத்துக்கு மாற்றப்போகும் மொழிபெயர்ப்பாளர் 'சாண்' என்று நான் எழுதும் இடத்தில் 'அடி' என்று போட்டுவிடக் கூடாது. சிங்களத்தில் 'வியத' என்பார்கள். என் கைக்கு அது சரியாக ஒன்பது அங்குலம். அளவு பிழைத்தால் எல்லாம் பிழைத்துவிடும்.

என் பெயர் ஒஸ்வால்ட். வயது ஐம்பத்தாறு. தொலைக்காட்சி நாடகங்களில் இருபத்திரண்டு வருடம் கன்டினியூட்டி பார்த்தவன். அது என்ன வேலை என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு காட்சியைக் காலையில் பாதியும் பின்னேரம் பாதியுமாக எடுப்பார்கள். காலையில் மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை பின்னேரமும் அதே இடத்தில், அதே அளவு தேத்தண்ணியோடு இருக்க வேண்டும். அதைப் படம் பிடித்து, அளந்து, கொப்பியில் எழுதி வைப்பவன் நான். எது எங்கே இருந்தது என்று இயக்குநருக்கும் நடிகருக்கும் வாக்குவாதம் வந்தால் என் கொப்பியைத்தான் திறப்பார்கள். கொப்பி சொன்னால் சொன்னதுதான். வீட்டிலும் அப்படித்தான். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று பிறிஜெற் கண்ணாடியைத் தேடமாட்டாள், என்னைத்தான் தேடுவாள்.

பிறிஜெற் என் மனைவி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருபத்தாறு வருடத்தில் நாங்கள் பெரிதாகச் சண்டை பிடித்ததும் இல்லை. இதை அயலில் யாரிடமும் விசாரித்துப் பார்க்கலாம்.

கடந்த மூன்று வருடமாக ஞாயிறுகளில் வெள்ளவத்தையில் ரியூஷன் வகுப்பு நடக்கும் ஒரு டியூட்டரிக்கு மேலேயுள்ள அறையில் திரைக்கதை எழுதப் படிப்பிக்கிறேன். என் பாடம் ஒன்றுதான். ஆள் மாறிவிட்டான் என்று வாயால் சொல்லாதே, ஒரு பொருளைக் காட்டு. கோபக்காரன் சாந்தமானான் என்று எழுதினால் அது கட்டுரை. முதல் காட்சியில் அவன் கதவை அடித்துச் சாத்தட்டும். கடைசிக் காட்சியில், உள்ளே குழந்தை தூங்குகிறது என்று, அதே கதவைக் கையால் பிடித்து மெல்லச் சாத்தட்டும். கதவு அப்படியே இருக்கிறது, ஆள்தான் மாறியிருக்கிறான். பிள்ளைகள் இதைக் கேட்டதும் தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொள்வார்கள். பிறகு வீட்டுக்குப் போய் மூன்று பக்கத்துக்கு வசனம் எழுதிக்கொண்டு வருவார்கள்.

அதற்குத்தான் நானே ஒரு திரைக்கதை எழுதினேன். உயரத்துக்குப் பயந்த ஒரு பெண். மாடியில் துணி காயப்போடுகிறாள். ஒவ்வொரு காட்சியிலும் கொடி, கைப்பிடிச் சுவரில்லாத விளிம்புக்கு ஒரு சாண் கிட்டப் போகிறது. அது அவளுக்கும் தெரியாது, பார்க்கிறவர்களுக்கும் தெரியாது. கடைசிக் காட்சியில் அவள் விளிம்பில் நின்று துறைமுகத்தைப் பார்க்கிறாள். அவளுக்குப் பயம் போய்விட்டது என்று ஒருவரும் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பெண்ணை நான் வெளியில் எங்கும் தேடவில்லை. பிறிஜெற் வெள்ளவத்தை ரயில் நிலைய மேம்பாலத்தில் ஏறினாலே என் சேட்டுக் கையைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் கட்டிடத்தில் புதுத் தண்ணீர்த் தாங்கி ஏற்றுவதற்காகக் கடல் பக்கக் கைப்பிடிச் சுவரை இடித்தவர்கள் பிறகு அதைக் கட்டவே இல்லை. நான்காம் மாடியின் மேல்தளம் அது. வேறு யாரும் அங்கே துணி போடுவதில்லை. எங்கள் கொடி விளிம்பிலிருந்து பன்னிரண்டடி தள்ளி இருந்தது. அதற்கு அப்பால் அவள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

கதையைக் கேட்கத் தயாரிப்பாளர் தாஸிம் ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். நான் கடைசிக் காட்சியைச் சொல்லி முடித்தேன். பிறிஜெற் அவருக்கு இறால் பொரியல் வைத்துக்கொண்டே சிரித்தாள்.

"என்னப்பா கதை இது? விளிம்பு கிட்ட வாறது ஒரு பொம்பிளைக்குத் தெரியாமப் போகுமா? எந்தப் பொம்பிளையும் அவ்வளவு கிட்டப் போக மாட்டா."

தாஸிமும் சிரித்தார். "அக்கா சொல்றது சரிதானே, ஒஸ்வால்ட். சனம் நம்பாது. இந்தக் கொடி விசயத்த மாத்திட்டு வாங்க, பொறகு கதைப்பம்."

அவர் திரைக்கதையை மேசையில் வைத்துவிட்டு இன்னொரு இறால் எடுத்தார். நான் அன்று கோபப்படவில்லை. அவர் போனபின் பாத்திரம் கழுவவும் உதவி செய்தேன். ஒரு விஷயம் உண்மையா பொய்யா என்று தெரியாவிட்டால் செய்து பார்ப்பதுதான் முறை. அதோடு பிறிஜெற்றின் பயம் தீர்ந்தால் அவளுக்கும் நல்லதுதானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தொடங்கினேன். செவ்வாய் பின்னேரம் அவள் வேலை முடிந்து நேரே கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நொவேனா செபத்துக்குப் போவாள். வர ஏழு மணியாகும். எங்கள் கொடி இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே கட்டியது. ஒவ்வொரு குழாயும் சீமெந்து நிரப்பிய பெயின்ற் வாளியில் நட்டது. வாளிகளை ஒரு சாண் இழுத்தேன். வாளி இருந்த இடத்தில் தரையில் பிடித்திருந்த துரு வட்டத்தைத் தேய்த்துக் கழுவினேன். கறிவேப்பிலைச் சாடியையும், கால் உடைந்த பிளாஸ்ரிக் கதிரையையும், அவள் துணிக் கூடை வைக்கும் பலகையையும் அதே ஒரு சாண் நகர்த்தினேன். ஒன்றை மட்டும் நகர்த்தினால் கண் பிடித்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்து நகர்த்தினால் கண் ஏமாந்துபோகும். இதை நான் படப்பிடிப்புச் செற்றில் படித்தேன்.

சனிக்கிழமை பகல் அவள் துணி போடும்போது மாடிக் கதவடியில் நின்று போனில் ஒரு படம் எடுப்பேன். எப்போதும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில். திரைக்கதைக்கு என்று சொல்லியிருந்தேன். கொடியை நகர்த்தத் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமையே முதல் படத்தை எடுத்துவிட்டேன். முதல் சில வாரங்கள் தலைமயிரைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

வாளிகள் பாரமானவை. எனக்கோ முதுகு நோவு. மூன்றாம் வாரம் பழையவற்றை அகற்றிவிட்டு வேறு இரண்டு செய்தேன். நாடகத்தில் பாறாங்கல் செய்கிற மாதிரிதான். உள்ளே ரீவிப் பெட்டிகளுக்குள் வரும் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம், அடியில் இரண்டு செங்கல், மேலே ஒரு விரல் தடிப்புக்குச் சீமெந்துப் பூச்சு. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஈரத் துணியைத் தாங்குமா என்று நனைத்த படுக்கை விரிப்பைப் போட்டும் பார்த்தேன். தாங்கியது.

ஏழாம் வாரமளவில் அவள் துணி போடும்போது வேகமாகப் போடத் தொடங்கினாள். ஏன் என்று கேட்டால், தெரியவில்லை, கால் கூசுகிறது என்பாள். ஒன்பதாம் வாரம் கூடையோடு இறங்கி வந்து குசினிக்குள் நின்றாள். துணிகள் கூடையிலேயே இருந்தன.

"கதவில இருந்து கொடிக்குப் பதினாலு அடி வச்சன்," என்றாள். "முந்திப் பதினொண்டுதான்."

"அடி வைக்கிறது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி," என்றேன். "உமக்கு அவசரம் எண்டால் கிட்டக் கிட்ட வைப்பீர்."

"இல்ல. நான் எண்ணித்தான் வச்சன்."

நான் போனை எடுத்துப் போன சனிக்கிழமைப் படத்தைக் காட்டினேன். மேலே கூட்டிக்கொண்டு போய்க் கொடியையும் காட்டினேன். கொடி, சாடி, கதிரை, பலகை, எல்லாம் படத்தில் இருந்தபடியே இருந்தன. ஒரு வாரத்தில் ஒரு சாண் போனது படத்தில் தெரியாது. முதல் வாரப் படத்தைக் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும். அதை அவள் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. அவள் படத்தைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றாள். "அப்ப எனக்குத்தான் மண்டை பிசகுது."

அன்று படி இறங்கும்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். என்னிடம் உண்மையைக் கேட்கிறார்கள், ஆகவே எழுதுகிறேன். அன்று அவள்மேல் எனக்கு மிகவும் இரக்கமாக இருந்தது. அதே நேரம் என் திரைக்கதை சரி என்பதும் தெரிந்தது.

அதன்பின் பயம் அவளோடு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் எழும்பிப் போய்ப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையிலிருந்து சுவருக்கு எத்தனை அடி என்று வாய்க்குள் எண்ணினாள். செவ்வாய்க்கிழமைகளில் நொவேனாவுக்கு முன்னரே போய் முழங்காலில் நின்றாள். தொலைந்ததைத் தேடித் தருபவர் அந்தோனியார். அவள் தன் புத்தியைத் தேடித் தரச் சொல்லிக் கேட்டாளாம். பிறகு செத்த வீட்டில் வைத்து அவளுடைய சிநேகிதி லவினா இதைச் சொல்லி அழுதாள். பிறிஜெற் கோயிலில் முழங்காலில் நின்ற அதே நேரத்தில்தான் நான் மாடியில் வாளியை இழுத்துக்கொண்டிருந்தேன்.

அவளைக் களுபோவிலப் பக்கம் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இளம் டாக்டர், பொறுமையானவர். சோதித்துப் பார்த்துவிட்டு மூளைக்கு ஒன்றும் இல்லை என்றார். வீட்டில் சமீபத்தில் ஏதாவது மாற்றம் நடந்ததா என்று பிறிஜெற்றிடம்தான் கேட்டார்.

"இல்லை டொக்டர்," என்று நான் சொன்னேன். "எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

இனிமேல் மேலே போகவில்லை, துணியைக் குசினி யன்னலில் போடுகிறேன் என்று ஒரு தரம் சொன்னாள். பயத்துக்கு இடம் கொடுத்தால் அது பிறகு கட்டிலைவிட்டு இறங்கவும் விடாது என்று விளங்கப்படுத்தினேன். நான் கதவடியில் நிற்கிறேன்தானே என்றேன். அவள் யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். "நீங்க பார்த்துக்கொண்டு நில்லுங்க. அசையாம நில்லுங்க," என்றாள். நான் ஒரு நாளும் அசைந்ததில்லை. படங்களைப் பார்த்தால் தெரியும்.

பன்னிரண்டாம் வாரத்துக்குப் பிறகு வந்த ஞாயிறு என் வகுப்பில் படங்களைத் திரையில் காட்டினேன். பதின்மூன்று படங்கள். ஒரு பெண், ஒரு கொடி. மாறியது என்ன என்று கேட்டேன். பெண்ணின் முகம் என்றான் ஒருவன். வெயில் என்றாள் இன்னொருத்தி. கொடியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. முதலாம் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டபோதுதான் அறை முழுக்கச் சத்தம் எழும்பியது. கை தட்டினார்கள். இவ்வளவு நல்ல நடிகையை எங்கே பிடித்தீர்கள் சேர் என்று கேட்டார்கள். படங்களை வகுப்பு வாட்ஸ்அப்புக்கும் அனுப்பினேன், வீட்டுப்பாடமாக.

டிலக்ஷி என்று ஒரு பிள்ளை, வகுப்பிலேயே கெட்டிக்காரி, எல்லோரும் போனபின் நின்றாள்.

"சேர், அது உங்கட மிஸிஸ் தானே? பேஸ்புக்கில கண்டிருக்கிறன்."

"ஓம்."

"அன்ரிக்குத் தெரியுமா?"

"நல்ல பாத்திரத்துக்குத் தன் கதை தெரியாது," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அப்போது விளிம்புக்கு மூன்றடிதான் மிச்சம் இருந்தது. அன்று நிறுத்தியிருக்கலாம். பாடம் நிரூபணமாகிவிட்டது. ஆனால் கடைசிக் காட்சி இல்லாமல் அது கதையாகாது, அதுவும் உண்மை. அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரமும் நானும் சரியாகத் தூங்கவில்லை. பிறிஜெற் கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. ஒரு தரம் திரும்பிப் பார்த்தால் போதும், அவள் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். தாஸிம் இன்னொரு தரம் சிரிப்பார்.

பதினான்காவது செவ்வாய்க்குப் பிறகு கொடிக்கும் விளிம்புக்கும் இடையில் இரண்டு சாண் இருந்தது. சனிக்கிழமை காலை, படுக்கை விரிப்புகளைத் தோய்க்கச் சொன்னேன். இரண்டும் வெள்ளை. விரிப்பை ஒரு பக்கம் நின்று போட முடியாது. போட்டபின் அந்தப் பக்கம் சுற்றிப் போய்ச் சுருக்கம் எடுக்க வேண்டும். பெரிய ஈரத் துணி கண் முன்னால் இருந்தால் அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. இதையெல்லாம் நான் முன்கூட்டி யோசித்தேனா என்று பொலிஸில் கேட்டார்கள். காட்சி என்றால் யோசித்துத்தானே அமைக்க வேண்டும்.

இரண்டு மணி இருக்கும். நல்ல காற்று. அவள் இரண்டு விரிப்பையும் போட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி, துணியைக் கையால் பிடித்துப் பிடித்து அந்தப் பக்கம் போனாள். விரிப்புக்குக் கீழே அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"நிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

"நிக்கிறன்," என்றேன்.

பாதங்கள் இன்னும் இரண்டடி போயின. பிறகு நின்றுவிட்டன. அந்தப் பக்கத்தில் அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"ஒஸ்வால்ட்," என்றாள். சத்தம் போடவில்லை. மெல்லத்தான் சொன்னாள். "கொடி வந்துதான் இருக்கு. இஞ்ச வாங்க. கையைத் தாங்க."

கதவடியிலிருந்து அவளிடம் பதினாறு அடி வைக்க வேண்டும். என் காலுக்கு வலு இல்லை என்று சொல்ல மாட்டேன். காற்று விரிப்பைத் தூக்கியது. அவள் முகம் தெரிந்தது. அவள் துறைமுகத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டினாள். என் கையில் போன் இருந்தது. படம் எடுத்தேன். பதினைந்தாவது படம்.

நான் வரப்போவதில்லை என்பது அவளுக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். நீட்டிய கையால் கொடியைப் பிடித்தாள். விளிம்பில் நிற்கிறவர்கள் எதையாவது பிடிக்கத்தான் செய்வார்கள். பழைய சீமெந்து வாளி என்றால் அவளைத் தாங்கியிருக்கும். அதை நான் மறைக்கவில்லை. புதிய வாளி ஈர விரிப்பைத் தாங்கும், ஆளைத் தாங்காது. மூன்றாம் வாரமே என் கையால் இழுத்துப் பார்த்தேன், எனக்கு அது தெரியும். கொடி, விரிப்பு, வாளி எல்லாம் அவளோடு போயின. கறிவேப்பிலைச் சாடி அங்கேயே நின்றது.

பொலிஸ் முதலில் விபத்து என்றுதான் எழுதியது. செத்த வீட்டில் தாஸிம் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் டிலக்ஷி அந்தப் பதின்மூன்று படங்களோடு பொலிஸுக்குப் போனாள். தான் முதலே சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் அழுகிறாளாம். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. நான் படிப்பித்ததைச் சரியாக விளங்கிக்கொண்ட ஒரே பிள்ளை. ஆனால் ஒரு இடத்தில் அவளுக்குப் பிழைத்துவிட்டது. பொலிஸ் என் போனிலிருந்து எடுத்துக் காட்டிய பதினைந்தாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அன்ரியின் முகத்தில் அவ்வளவு பயம் என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள். கனம் நீதவான் அவர்கள் தயவுசெய்து தாங்களே பார்க்க வேண்டும். எனக்கு அதில் பயம் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் முகங்களைப் பார்த்தவன் நான்.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. விளக்கமறியலில் நான் படுக்கும் இடத்துக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையில் முதல் நாள் ஏழு சாண் இருந்தது. நான் அளந்தேன். நேற்று ஏழு சாணுக்குச் சிறிது குறைவு. இன்று காலை மீண்டும் அளந்தேன். காவலரிடம் சொன்னால் சிரிக்கிறார், உங்கள் கைதான் வீங்கியிருக்கிறது என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. வாரம் ஒரு தரம், ஒரே இடத்தில் நின்று, யாராவது ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும். முதல் படத்தையும் எனக்குக் காட்ட வேண்டும்.

மற்றபடி நான் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிவிட்டேன். இதில் ஒரு பிரதி தாஸிமுக்கும் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பெண்ணும் அவ்வளவு கிட்டப் போக மாட்டாள் என்று அன்று மேசையில் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் போனாள்.